பின்பக்கத்தில் இருந்த விலைப்பட்டியல்

வட்டக்கச்சியில் ஓர் அக்கா என்னிடம் காட்டியது உள்ளங்கை அளவான ஒரு பத்திரிகைத் துண்டு. காணிப் பெமிற், பிறப்புச் சாட்சிப் பத்திரங்களோடு ஒரே பொலித்தீன் பைக்குள் அது இருந்தது. 2009இல் அந்தப் பை அவரோடு முள்ளிவாய்க்கால் வரை போனது, செட்டிக்குளம் மெனிக் பாம் முகாமில் கிடந்தது, பிறகு ஊர் திரும்பியது. துண்டில் பத்திரிகையின் பெயரும் இல்லை, திகதியும் இல்லை. கொழும்பில் நடந்த ஆசிய றக்பிப் போட்டியில் யப்பான் முதலிடம், இலங்கை இரண்டாமிடம் என்ற சேதி மட்டும் கிழியாமல் தப்பியிருந்தது.

"அப்பா மிளகாய் ஏத்திக்கொண்டு கொழும்புக்குப் போகேக்க பாத்த மட்ச், தம்பி. எந்த வருசம் எண்டு அப்ப கேட்டு வைக்கேல்ல. ஆரோட கதைச்சாலும், நாங்கள் யப்பானோட பைனல் ஆடினனாங்கள் எண்டுதான் சொல்லுவார்."

வன்னிக்கும் றக்பிக்கும் அப்படியொன்றும் நெருக்கம் இல்லை. கொழும்பு புட்போல் கிளப் 1879இல் தொடங்கியது. அதன்பின் டிம்புல, டிக்கோயா, கண்டி என்று தேயிலை போன வழியே இந்த விளையாட்டும் போனது. கிளிபர்ட் கிண்ணம் 1926இலும், றோயல் - திரித்துவக் கல்லூரிகளின் பிராட்பி கேடயம் 1945இலும் தொடங்கின. வடக்கில் பொடியள் உதைபந்தும் கிரிக்கெற்றும் ஆடினார்கள். அப்படியிருக்க, ஒரு மிளகாய்த் தோட்டக்காரர் காணிப் பெமிற்றோடு சேர்த்து வைத்துக் காப்பாற்றிய சேதி எந்த ஆண்டுக்குரியது என்பதை அறியாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

ஆசியக் கிண்ணம் 1969இல் தோக்கியோவில் தொடங்கியது. அடுத்து 1970 பாங்கொக், 1972 ஹொங்கொங், 1974 கொழும்பு. பிறகும் ஈராண்டுக்கு ஒருமுறை. அந்தப் பழைய தொடரில் கொழும்புக்கு இரண்டு முறை வாய்த்தது: 1974, 1990. ஆகவே இரண்டில் ஒன்று.

துண்டைத் திருப்பினேன். பின்பக்கத்தில் ஒரு சந்தை விலைப்பட்டியலின் பாதி. செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம்; மொத்த விலை அந்தரில், சில்லறை விலை இறாத்தலில். 112 இறாத்தல் ஓர் அந்தர். 1990இல் சந்தை முழுக்கக் கிலோக் கணக்குக்கு மாறியிருந்தது. விளையாட்டுச் செய்தியை விட இந்தக் கிழிந்த பட்டியல்தான் எனக்கு அதிகம் சொன்னது. சிறிமாவோ அரசு 1970 தொடக்கம் 1977 வரை இறக்குமதியை இறுக்கிப் பிடித்த காலத்தில் இரணைமடுத் தண்ணியில் விளைந்த மிளகாய்க்குக் கொழும்பில் நல்ல விலை. லொறியேற்றிப் புறக்கோட்டையில் இறக்கி, காசைக் கையில் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியவர்கள் பலர். அவர்களில் ஒருவர் திரும்பும் முன்னம் ஒரு மைதானத்துக்குள் நுழைந்திருக்கிறார்.

1990ஐ விலக்க இன்னும் வலுவான காரணங்கள் உண்டு. அந்த ஆண்டு வென்றது யப்பான் அல்ல. ஏப்ரலில் தோக்கியோவில், உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் யப்பானிடம் 26-10 என்று தோற்ற தென்கொரியா, கொழும்பு இறுதியாட்டத்தில் 13-9 என்று அதே யப்பானை வீழ்த்தியது. இடையில் ஜூனில் போர் மறுபடி மூண்டது. வவுனியாவுக்கு வடக்கே ரயில் இல்லை, மின்சாரம் இல்லை, பற்றரிக்குத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோக் கேட்ட காலம் அது. ஒக்ரோபரில் புலிகள் வடக்கின் முஸ்லிம் மக்களை வெளியேற்றினார்கள். அந்த மாதங்களில் கிளிநொச்சியில் இருந்து மிளகாய் விற்கப் போய் றக்பி பார்த்துவிட்டு வந்த கதைக்கு இடமே இல்லை.

இருந்தாலும் அச்சில் பார்க்காமல் ஆண்டு எழுதக்கூடாது. பழைய பத்திரிகைகளுக்கு எங்களுக்குக் கிட்டிய இடமாக இருந்த யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிந்தது. ஆகவே ரயிலேறிக் கொழும்பு 7, தேசிய சுவடிக்கூடத்துக்குப் போனேன். இப்படித் தேடப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும்: கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984இல். அதற்கு முந்திய பதிவுகளில் வட்டக்கச்சியும் உருத்திரபுரமும் யாழ்ப்பாண மாவட்டத்துக்குள்தான் இருக்கும்.

1974ஆம் ஆண்டுத் தமிழ் நாளிதழ்க் கட்டுகளின் தாள் பழுத்து, ஓரம் தொட்டால் உதிரும். விளையாட்டுப் பக்கங்களை மட்டும் பார்த்துக்கொண்டு போனேன். அதே செய்தி, அதே பத்தி அகலம். மறுபக்கத்தில் விலைப்பட்டியல் முழுசாக இருந்தது. என்னிடமிருந்த படியை அருகில் வைத்து வரிவரியாக ஒப்பிட்டேன், பொருந்தியது.

அந்த இரண்டாமிடத்தை லேசாக எடுத்துவிடக்கூடாது. யப்பான் 1968இல் நியூசிலாந்தின் இளையோர் அணியை அவர்கள் நாட்டிலேயே 23-19 என்று வென்றது. 1971இல் தோக்கியோவில் இங்கிலாந்திடம் வெறும் 6-3 என்று தோற்றது. முதல் போட்டி தொடக்கம் 1980 வரை ஆசியக் கிண்ணம் அவர்கள் கையை விட்டுப் போகவில்லை. அப்படிப்பட்ட அணியோடு இறுதியாட்டம் வரை இலங்கை போனது. மிளகாய் விற்ற மனிதர் அதைக் கடைசிவரை சொல்லிக்கொண்டு திரிந்ததில் மிகை ஒன்றும் இல்லை.

ஆண்டைச் சொன்னதும் அக்கா எழும்பி என்னை வளவின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். "அந்தமுறை மிளகாய் வித்த காசிலதான் இதைக் கட்டினது எண்டு அம்மா சொல்லுவா." கிணற்றுக் கட்டின் பாசியைச் சிரட்டையால் சுரண்டினோம். சீமெந்து ஈரமாக இருந்தபோது தடியால் கீறிய எழுத்து: 1975. அறுவடைக்கு அடுத்த ஆண்டு.

துண்டை இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்து, கிணற்றுக் கட்டின் படத்தோடு ஒரே பதிவாக வைத்திருக்கிறேன். மூலம் அக்காவின் பொலித்தீன் பைக்குள் திரும்பிவிட்டது. 1974இல் யப்பானோடு ஆடியவர்கள் இன்று எழுபதைக் கடந்தவர்கள். அவர்களைத் தேடிப் போய்ப் பேச்சைப் பதிவுசெய்வதுதான் அடுத்த வேலை.