பாலாற்றுத் தோல் தொழிலும் சூழல் கொள்கையும்

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை ஆகிய பாலாற்றுப் படுகை ஊர்களில் தோல் பதனிடும் தொழிலை வளர்க்கவும், அதன் கழிவிலிருந்து நீரையும் நிலத்தையும் காக்கவும் அரசு எடுத்த முடிவுகளின் வரலாறு. இந்தியச் சூழல் சட்டத்தின் அடிப்படைக் கோட்பாடுகள் சில இங்கிருந்து எழுந்த வழக்கில்தான் நிலைபெற்றன.

தொடக்கத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு, வாரக்கணக்கில் ஊறவைத்துத் தோலைப் பதப்படுத்தினார்கள். பாதி பதனிட்ட அந்தத் தோல் கப்பலேறி வெளிநாடுகளில் முழுமை பெற்றது. லாபமும் அங்கேயே தங்கியது. இதை மாற்ற அரசு அமைத்த சீதாராமையா குழு 1972-இல் பரிந்துரை தந்தது. கச்சாத் தோல், பாதி பதனிட்ட தோல் ஆகியவற்றின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. முழுதாய் முடித்த தோலுக்கும் காலணிக்கும் சலுகை கிடைத்தது. அந்நியச் செலாவணி பெருகியது, பல்லாயிரம் பேருக்கு வேலை கிடைத்தது. பட்டையின் இடத்தைக் குரோமியம் பிடித்தது. நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974-இலேயே வந்துவிட்டாலும், கழிவுநீருக்கு வழி செய்யாமலேயே டேனரிகள் எனும் தோல் பதனிடும் ஆலைகள் பெருகின. பின்னால் வந்த துன்பத்துக்கு வேர் இதுதான்.

குரோமியத்தைப் பற்றியே அதிகம் பேசுகிறோம். ஆனால் உழவரை முதலில் வீழ்த்தியது உப்பு. கெடாமலிருக்க உப்புப் போட்டு வரும் தோலை டேனரியில் முதலில் ஊறவைத்து அலசுவார்கள். உப்பில் பெரும்பகுதி அந்த அலசல் நீரோடு வெளியேறும். பிறகு சுண்ணாம்புக் குழி, அதன்பின் குரோமிய டிரம். தோல் நீலமாய் வெளிவரும். ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவானது. அந்த நீர் ஓடையிலும் ஏரியிலும் இறங்கி மணலில் கசிந்தது. கிணறு கரித்தது, வயலில் வெள்ளைப் பொருக்கு படிந்தது. டேனரிப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதாக வேளாண் பல்கலைக்கழக ஆய்வு சொன்னது.

வேலூர் குடிமக்கள் நல அமைப்பு 1991-இல் உச்ச நீதிமன்றம் சென்றது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. தோல் தொழில் நாட்டுக்கு ஈட்டித் தரும் செலாவணியை நீதிமன்றம் மறுக்கவில்லை. ஆனால் அதற்காகச் சூழலைக் கெடுக்க உரிமையில்லை என்றது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும். பெருங்கேடு வரும் அபாயம் தெரிந்தால் அறிவியல் உறுதிக்குக் காத்திராமல் தடுக்க வேண்டும். கேடில்லை என்று நிரூபிப்பது தொழில் நடத்துபவரின் பொறுப்பு. இவை நாட்டின் சட்டத்திலேயே அடங்கியவை என்று அறிவித்தது. ஐந்து மாவட்டங்களின் டேனரிகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம். சுத்திகரிப்பு வசதி செய்ய நவம்பர் 30 வரை கெடு. சென்னை உயர் நீதிமன்றத்தில் சூழல் வழக்குகளுக்கெனத் தனி அமர்வு அமைக்கவும் வழி பிறந்தது.

இழப்பீட்டை முடிவு செய்ய அமைந்த ஆணையம் வேலூர் மாவட்டத்தில் பாதிக்கப்பட்டோராக 29,193 பேரை அடையாளம் கண்டு, 2001-இல் ஈட்டுத்தொகையை நிர்ணயித்தது. பணம் எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை. வழக்கு மீண்டும் உச்ச நீதிமன்றம் வந்து, மீதமுள்ளோருக்கு ஆறு வாரத்தில் வழங்கும்படி 2025 ஜனவரி 30 அன்று உத்தரவானது. தீர்ப்பு தொழிலை மாற்றிய வேகத்தில் உழவரின் வீட்டுப் படியை மிதிக்கவில்லை என்பது வேதனையானது.

இடையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. சொட்டுக் கழிவும் வெளியேறாத முறை பிற்பாடு கட்டாயமானது. சவ்வூடு வடிகட்டி நீரைப் பிரித்து, மீந்ததைக் காய்ச்சி உப்பாக்குகிறார்கள். ஆனாலும் ஆபத்து நீங்கவில்லை. 2015 ஜனவரி இறுதியில் ராணிப்பேட்டையில் அத்தகைய நிலையம் ஒன்றின் கழிவுத்தொட்டிச் சுவர் இடிந்து, அருகில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 10 பேர் சேற்றில் மூழ்கி இறந்தனர். மூடப்பட்ட குரோமேட் ஆலை ஒன்று அதே ஊரில் விட்டுச்சென்ற லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவு, மழை பெய்தால் மஞ்சள் நீராய்க் கசிந்தது. சுத்திகரிப்பு நிலையங்களில் நீரிலிருந்து பிரித்த உப்பு, வாங்க ஆளின்றி மூட்டை மூட்டையாகக் கொட்டகைகளில் சேர்கிறது.