ஒரு சந்திர கிரகணமும் எங்கட பள்ளிக்கூடங்களும்



ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் பிறந்ததும் செயின்ட்-மிஷேலில் எங்கட வீடுகளில் ஒரு சின்ன வாக்குவாதம் நடக்கும். வருஷம் எத்தனை மணிக்குப் பிறக்குது? வாக்கிய பஞ்சாங்கம் ஒரு நேரம் சொல்லும். திருக்கணித பஞ்சாங்கம் இன்னொரு நேரம் சொல்லும். ஊர் நேரத்தில் இருந்து ஒன்பதரை மணித்தியாலத்தைக் கழித்து, மருத்துநீர் வைக்கிற நேரத்தைக் குறித்து முடிக்கிறபோது, பக்கத்தில் இருந்து பள்ளிக்கூடப் பாடம் செய்கிற பிள்ளை கேட்கும்: "அப்பா, சூரியன் ஒண்டுதானே? அதுக்கேன் ரெண்டு நேரம்?"

எங்களில் அநேகர் இதற்கு இரண்டு விதமாகத்தான் பதில் சொல்கிறோம். ஒன்று, "சாமி விஷயத்தில கேள்வி கேக்கக் கூடாது." மற்றது, "உதெல்லாம் பழங்கதை, நீ உன்ர கணக்கைச் செய்." முதல் பதிலைக் கேட்ட பிள்ளை அதன் பிறகு எங்களிடம் கேள்வி கேட்பதை விட்டுவிடும். இரண்டாவதைக் கேட்ட பிள்ளை எங்களோடு கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ வருவதை விட்டுவிடும். இரண்டும் எங்களுக்கு நட்டம்தான்.

இந்தக் கேள்வி புதிதில்லை. ஏறக்குறைய இருநூறு வருஷத்துக்கு முன் யாழ்ப்பாணத்தில் ஊரே கூடிப் பார்த்த கேள்வி இது. அந்தக் கதையை எங்கட பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

அமெரிக்க மிஷனரிமார் 1816ல் யாழ்ப்பாணத்துக்கு வந்தார்கள். 1823ல் வட்டுக்கோட்டையில் செமினரி என்ற உயர்கல்விக் கூடத்தைத் தொடங்கினார்கள். அதற்கு அடுத்த வருஷம் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளிக்கூடம் ஒன்று வந்தது. செமினரியின் முதல் அதிபர் டானியல் பூர் பாதிரியார். தமிழ், ஆங்கிலம், சமஸ்கிருதம், கணிதம், வானசாஸ்திரம் எல்லாம் அங்கே படிப்பித்தார்கள். இலங்கை அரசாங்கத்தில் பெரிய பதவியில் இருந்த எமர்சன் டெனன்ற் 1850ல் வெளிவந்த தன் நூலில், ஐரோப்பாவின் பல பல்கலைக்கழகங்களோடு ஒப்பிடக் கூடிய இடம் என்று இதைப் புகழ்ந்தார்.

1829 மார்ச் மாதம் 20ந் திகதி ஒரு சந்திர கிரகணம் வர இருந்தது. அராலி விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கம் அது தொடங்கும் நேரத்தையும் எவ்வளவு மறையும் என்பதையும் சொல்லியிருந்தது. பூர் பாதிரியார் மேல்நாட்டு முறைப்படி கணித்தபோது வேறு விடை வந்தது. அதை முன்கூட்டியே எல்லோருக்கும் அறிவித்தார். அன்று பின்னேரம் சனம் வானத்தைப் பார்த்தது. பாதிரியாரின் கணக்குத்தான் சரியாக வந்தது.

இது ஒரு கணக்குப் பிசகு என்று மிஷனரிமார் விட்டுவிடவில்லை. கிரகணத்தைப் பற்றிப் புராணம் சொல்வது பிழை, ஆகவே சைவமும் பிழை என்று வாதித்தார்கள். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கோ. சாஸ்திரியார் செய்ததும் கணக்குத்தான். முன்னோர் பாடமாக்கி வைத்த வாக்கியங்களைக் கொண்டு சந்திரன் போகிற போக்கைச் சொல்வது சாதாரண அறிவில்லை. எந்த வாய்பாடும் நூற்றாண்டுகள் போகப் போகச் சிறிது சிறிதாகப் பிசகும். வானத்தைப் பார்த்துத் திருத்த வேண்டும். கிறிஸ்தவ உலகத்தின் நாட்காட்டியும் அப்படித்தான் பிசகியது. 1582ல் போப்பாண்டவர் பதின்மூன்றாம் கிரகோரியார் பத்து நாளை வெட்டி அதைத் திருத்தினார். அதனால் கிறிஸ்தவம் பொய்யாகிப் போகவில்லை. எங்கட பக்கத்திலும் வானத்தில் கண்டதோடு ஒத்துப் பார்த்துத் திருத்திய திருக்கணிதம் பிறகு வந்தது. அதைக் கணித்தவர்களும் கோயில் வாசலில் கும்பிட்டவர்கள்தான்.

ஆனால் அந்தக் காலத்தில் படிப்பு வேண்டும் என்றால் மிஷன் பள்ளிக்கூடத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே எல்லாப் பிள்ளைக்கும் வேதாகமப் பாடம் உண்டு. "படிப்பு வேணுமோ, சமயம் வேணுமோ?" என்று வெளிப்படையாகக் கேட்காவிட்டாலும் பெற்றாருக்கு அப்படித்தான் கேட்டது. எங்கட முன்னோர் இதற்கு எப்படி வழி கண்டார்கள் என்பதற்கு இரண்டு பேரைச் சொல்லலாம்.

ஒருவர் நல்லூர் ஆறுமுக நாவலர், 1822ல் பிறந்தவர். யாழ்ப்பாணத்து மெதடிஸ்த மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, அங்கேயே படிப்பித்து, பேர்சிவல் பாதிரியார் வேதாகமத்தைத் தமிழில் மொழிபெயர்க்க உதவி செய்தவர். அங்கே பாடப்புத்தகம், அச்சுக்கூடம், பிரசங்கம், வகுப்பு வகுப்பாகப் படிப்பிக்கிற ஒழுங்கு எல்லாவற்றையும் கூர்ந்து பார்த்தார். 1847 கடைசியில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் பிரசங்கத்தைத் தொடங்கினார். 1848ல் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் திறந்தார். அச்சு இயந்திரம் வாங்கினார். பாலபாடம் எழுதினார். கற்றுக்கொண்ட வழியை வேண்டாம் என்று எறியவில்லை. அதையே எடுத்துத் தன் சமயத்துக்குப் பயன்படுத்தினார்.

மற்றவர் சிறுப்பிட்டி தாமோதரம்பிள்ளை, 1832ல் பிறந்தவர். வட்டுக்கோட்டைச் செமினரியின் மாணவர். கிறிஸ்தவராக இருந்து பிறகு சைவத்துக்குத் திரும்பியவர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவர். இவர் ஒருவர், மற்றவர் கறல் விசுவநாதபிள்ளை. இரண்டு பேரும் யாழ்ப்பாணத்தவர்கள், செமினரியில் படித்தவர்கள். பிறகு தாமோதரம்பிள்ளை கறையான் தின்ற ஏடுகளைத் தேடி எடுத்து வீரசோழியம், தொல்காப்பியப் பொருளதிகாரம், கலித்தொகை என்று பதிப்பித்தார். மிஷன் கொடுத்த கல்விதான் எங்கட பழந்தமிழை மீட்க ஒரு கையாக உதவியது.

செமினரிக்கு என்ன நடந்தது? 1855ல் மூடிவிட்டார்கள். அமெரிக்காவில் இருந்து வந்து விசாரித்த மிஷன் பெரியவர்களுக்கு, ஆங்கிலம் படித்தவர்கள் உத்தியோகத்துக்குப் போகிறார்களே தவிர ஊழியத்துக்கு வருவது போதாது என்று பட்டது. எத்தனை பேர் மதம் மாறினார்கள் என்று மட்டும் அளந்தால் ஒரு நல்ல பள்ளிக்கூடமும் தோல்வியாகத்தான் தெரியும். நாங்களும் பிள்ளையின் படிப்பைச் சம்பளத்தால் மட்டும் அளந்தால் அதே பிழையைத்தான் விடுவோம்.

இனி, சொல்லச் சங்கடமான ஒன்று. நாவலர் பெருமானின் பள்ளிக்கூட வாசல் எல்லாப் பிள்ளைக்கும் திறந்திருக்கவில்லை. சாதி ஒழுங்கை அவர் சமய ஒழுங்காகவே பார்த்தார். மிஷன் விடுதியிலும் ஆரம்பத்தில் சாதி பார்த்துச் சமையல் வேறாக நடந்தது. 1930 அளவில் பள்ளிக்கூடங்களில் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வாங்கில் இருத்த வேண்டும் என்று சமஆசனம் வந்தபோது, எங்கட ஆட்களே சில பள்ளிக்கூடங்களைக் கொளுத்தினார்கள். 1981 ஜூன் முதலாந் திகதியை ஒட்டி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததை நாங்கள் மறக்க மாட்டோம். அதைப் பிள்ளைகளுக்குச் சொல்கிற வாயால் இதையும் சொல்ல வேண்டும்.

அந்த நூலகத்தின் கதையையும் முழுக்கச் சொல்லுங்கோ. 1933ல் செல்லப்பா என்ற ஒருவர் தன் வீட்டில் சின்னதாகத் தொடங்கியது அது. பிறகு அதற்குப் பெரிய கட்டடம் எழுப்ப முன்னின்று பாடுபட்டவர்களில் ஒருவர் சம்பத்திரிசியார் கல்லூரி அதிபர் லோங் அடிகளார், கத்தோலிக்கக் குரு. வாசலில் இருந்ததோ சரஸ்வதி சிலை. எரிகிறபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் போயின. அந்த நெருப்பைப் பார்த்த அதிர்ச்சியில் உயிர் விட்டவர் தமிழறிஞர் தாவீது அடிகளார், அவரும் கத்தோலிக்கக் குருதான். சரஸ்வதி வாசலில் இருந்த நூலகத்துக்காக ஒரு பாதிரியாரின் நெஞ்சு வெடித்தது என்றால், அறிவும் பக்தியும் பகையென்று யார் சொல்வது?

இங்கேயும் அதே கதை உண்டு. செயின்ட்-மிஷேல் ஊடாகப் போகிற பி-நவ் வீதி எங்கள் எல்லோருக்கும் தெரியும். போப்பாண்டவர் ஒன்பதாம் பத்திநாதரின் பெயர் அது. புதிய காலத்துச் சிந்தனைகளில் எவை எவை பிழை என்று 1864ல் ஒரு நீண்ட பட்டியல் வெளியிட்டவர் அவர். அந்த வீதியில் பஸ் ஏறித் தெற்கே போனால் தாவரவியல் பூங்கா வரும். அதை 1931ல் உண்டாக்கியவர் மாரி-விக்தோரன் என்ற கத்தோலிக்கத் துறவறச் சகோதரர். இளம் வயதில் காசநோய் வந்து, காற்று வாங்க நடந்து திரிந்தபோது செடிகொடிகளில் மனம் வைத்தவர். மொன்றியால் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படிப்பித்தார். இந்த நதிக்கரைத் தாவரங்களைப் பற்றிய அவருடைய பெரிய நூல் 1935ல் வந்தது. விஞ்ஞானம் தன் வழியில் போகட்டும், சமயம் தன் வழியில் போகட்டும், ஒன்றை ஒன்று இடிக்கத் தேவையில்லை என்பது அவர் எண்ணம். கடைசி வரை சகோதரராகவே இருந்தார்.

நாங்கள் 80களில் அகதியாக வந்திறங்கியபோது கியூபெக்கில் பள்ளிக்கூடச் சபைகள் கத்தோலிக்கம், புரட்டஸ்தாந்து என்று பிரிந்திருந்தன. 1998ல்தான் பிரெஞ்சு, ஆங்கிலம் என்று மாறின. 2008ல் அரச பள்ளிக்கூடங்களில் சமய பாடமும் நின்றது. 2019ல் வந்த சட்டம், புதிதாகச் சேருகிற ஆசிரியர்கள் வகுப்பில் சமயச் சின்னம் அணியக் கூடாது என்கிறது. இது சரியோ பிழையோ என்று வாதாட இது இடமில்லை. ஒன்று மட்டும் தெளிவு. பிள்ளைக்குத் திருநீறு பூசப் பழக்குவதும் செபமாலை சொல்லப் பழக்குவதும் இனி வீட்டு வேலை, எங்கட வேலை. பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்து பிள்ளை கேட்கிற கேள்விக்கு முகம் கொடுப்பதும் அந்த வேலையில் சேர்ந்ததுதான்.

ஆகவே இந்த வருஷம் "ஏன் ரெண்டு நேரம்?" என்று பிள்ளை கேட்டால் வாயை மூடச் சொல்லாதேங்கோ. பழங்கதை என்று தள்ளியும் விடாதேங்கோ. பக்கத்தில் இருத்தி, "இது எங்கட முன்னோர் போட்ட கணக்கு, மற்றது பிறகு வந்தவர்கள் வானத்தைப் பார்த்துத் திருத்தின கணக்கு. ரெண்டு பேரும் கும்பிட்டவர்கள்தான்" என்று சொல்லுங்கோ. இன்னும் கேட்டால், தெரியாத இடத்தில் "எனக்குத் தெரியாது, வா பாப்பம்" என்று செயின்ட்-மிஷேல் நூலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. வரும்போது பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் கூப்பிடுங்கோ, எந்த ஊர், எந்தச் சாதி, எந்தச் சமயம் என்று கேளாமல்.

மருத்துநீர் வைத்து, கைவிசேஷம் கொடுக்கிறபோது காசோடு ஒரு புத்தகமும் வைத்துக் கொடுங்கோ. வாங்குகிற பிள்ளை கும்பிட்டுத்தான் வாங்கும்.