பர்மாத் தேக்கும் செட்டிநாட்டு வாசற்காலும்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் முதலிய ஊர்களில் பழைய வீடுகளைப் புதுப்பிப்போர்க்குச் சுவருக்கான சுண்ணாம்பும் தரைக்கான ஆத்தங்குடிக் கல்லும் இன்றும் கிடைக்கின்றன. மரவேலைக்கு வரும்போதுதான் கை தயங்குகிறது. அந்த மரம் இங்கு வந்த வரலாற்றை அறிந்தவர்க்கே அதைப் பேணும் முறையும் விளங்கும் என்பது நம் கருத்து.

பர்மாக் காடுகளில் தேக்கை எடுத்தவுடன் வெட்டிச் சாய்ப்பதில்லை. அடிமரத்தைச் சுற்றி வளையமாகச் செதுக்கி, நின்ற நிலையிலேயே இரண்டு மூன்று ஆண்டுகள் காயவிடுவர். பச்சைத் தேக்கு நீரில் மிதவாது என்பதே காரணம். பின்னர் வெட்டி, யானைகளைக் கொண்டு ஓடைக்கு இழுத்து, மழைவெள்ளத்தில் மிதக்கவிட்டு, ஐராவதி வழியே இரங்கூன் திசைக்கு அனுப்புவர். இம்மரத்தின் பெயரால் ஓர் அரசே வீழ்ந்தது. 1885-இல் தீபா மன்னரின் அவை, தேக்கு வெட்டிய பம்பாய் பர்மா வணிகக் குழுமத்துக்குப் பெரும் அபராதம் விதித்தது. அதையே சாக்காகக் கொண்டு ஆங்கிலேயர் படையெடுத்து மேல் பர்மாவையும் கைக்கொண்டனர்.

கீழ்ப் பர்மாவின் நெல் வயல்களுக்குக் கடன் வழங்கிய நகரத்தார், ஈட்டிய பொருளைத் தம் ஊர்களில் வீடாக்கினர். முகப்பின் செதுக்கு நிலை, வளவைச் சுற்றிய தூண்கள், மச்சின் உத்தரங்கள் யாவும் கடல் கடந்து வந்த தேக்கால் உருவாயின. செதுக்கியவர்கள் நம் ஆசாரிகள். அவர்களுள் பெரும்பாலோர் பெயரை எந்த நிலையும் தாங்கவில்லை.

மறைக்கலாகாத பக்கம் ஒன்றும் உண்டு. 1930-இல் நெல் விலை சரிந்தபோது பர்மிய உழவர் கடனடைக்க இயலாமல் நிலமிழந்தனர். முதன்மையான 13 நெல் மாவட்டங்களில், 1930-இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த நகரத்தார் நிலவுடைமை 1938-இல் 25 பங்காயிற்று. கடன் கொடுத்தோர் விரும்பியது பணத்தையே, நிலத்தையன்று என்பர். அது உண்மையே. ஆயினும் நிலமிழந்த உழவனுக்கு அவ்வேறுபாட்டால் என்ன ஆறுதல்? 1942-இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்ற, இந்தியர் பல்லாயிரவர் கால்நடையாகவே ஊர் திரும்பினர். 1948-இல் விடுதலை பெற்ற பர்மா நிலங்களை நாட்டுடைமையாக்கச் சட்டம் செய்தது. வீடுகளைத் தாங்கிய வருவாய் அத்துடன் வறண்டது.

பின்பு நிகழ்ந்ததைக் காரைக்குடியின் பழம்பொருள் கடைகள் சொல்லும். ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் பலர். ஒருவர் பேணலாம் என்பார், மற்றவர் பிரிக்கலாம் என்பார். பிரித்த வீட்டின் தூண்கள் கடை வாயிலில் சாய்ந்து நிற்கும். வீடு புதுப்பிப்போர் அவற்றுள் ஒன்றை வாங்கித் தம் வளவில் நிறுத்துவதும் உண்டு. அது மீட்பு போலத் தோன்றினும், அடுத்த வீட்டைப் பிரிப்போர்க்கு விலை காட்டுவதாகவும் முடிகிறது. 2014-இல் மியான்மர் வெட்டுமர ஏற்றுமதியைத் தடை செய்தபின் பழந்தேக்கை நாடுவோரைக் குறை கூறவும் இயலவில்லை.

எனவே உள்ள மரத்தைக் காப்பதே முதற்பணி. எண்ணெய் வர்ணத்தை நீக்கக் காஸ்டிக் சோடாவை ஊற்றினால் தேக்கு கறுக்கும். இயந்திரத்தால் தேய்த்தால் செதுக்கின் கூர்மை மழுங்கும். பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். அதன் தூள் சிறார்க்கும் தச்சர்க்கும் நஞ்சு. ஆகவே ஈரப்படுத்திச் சிறு உளியால் பொறுமையாகச் சுரண்டுவதே தகும். இதற்குக் கூலி மிகும். அதைக் குறைக்க முயல்வதில்தான் பல வீடுகள் கெட்டன.

வாசற்காலின் அடி இற்றுப்போயிருந்தால் முழு நிலையையும் பெயர்த்தெறிவது வழக்கமாகிவிட்டது. அது வேண்டாத செலவு. இற்றுப்போனது பெரும்பாலும் ஒரு சாண் அளவே. அதைச் சாய்வாக அறுத்து நீக்கி, ரேகை ஒத்த பழந்தேக்கைப் பொருத்தி, மரமுளை அடித்தால் போதும். அடிப்பகுதியைச் சிமென்ட்டால் பூசாமல் சுண்ணாம்பால் பூசினால் ஈரம் வெளியேற வழியிருக்கும். ஒட்டிய துண்டுக்குப் பழைய நிறம் ஏற்றி மறைக்க வேண்டியதில்லை. அதன் உட்புறத்தில் ஆண்டையும் செய்த ஆசாரியின் பெயரையும் பொறித்துவிடலாம்.