ஒட்டிய மைக்ராஸ்கோப் படத்தில் கட்டம் கட்டமாக நிழல் விழுவது ஏன்? சரிசெய்வது எப்படி?

கருவில் வளரும் சிசுவின் மூளையை செல் அளவில் காட்டும் 'தரணி' என்ற முப்பரிமாண வரைபடத்தை, சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் வெளியிட்டது. இதற்காக 5,132 மூளைச் சீவல்கள் டிஜிட்டல் படங்களாக மாற்றப்பட்டன.

செல் தெரியும் அளவுக்குப் பெரிதாக்கினால், முழு சீவலும் ஒரே படத்தில் அடங்காது. அதனால் இதுபோன்ற பணிகளில், பொதுவாக துண்டு துண்டாகப் படமெடுத்து கம்ப்யூட்டரில் ஒட்டுவார்கள். அப்போதுதான் ஒரு சிக்கல் எட்டிப் பார்க்கும். ஒட்டிய படம் தரையில் பதித்த டைல்ஸ் மாதிரி கட்டம் கட்டமாகத் தெரியும்!

ஏன் இப்படி?

லென்ஸ் வழியாக வரும் வெளிச்சம் நடுவில் அதிகமாகவும் ஓரத்தில் குறைவாகவும் விழும். ஒவ்வொரு துண்டின் ஓரமும் மங்கும். ஒட்டும்போது அந்த ஓரங்கள் கோடுகளாகிவிடும்.

பார்க்க அழகில்லை, அவ்வளவுதானே?

இல்லை. ஒரே மாதிரி சாயம் ஏறிய திசு, நடுவில் 110 என்ற வெளிச்ச அளவும் ஓரத்தில் 85 என்ற அளவும் காட்டுகிறது என வைத்துக்கொள்வோம். '100-க்குக் கீழே இருந்தால் சாயம் அதிகம்' என கம்ப்யூட்டருக்குச் சொல்லியிருந்தால், ஓரத்தில் இருப்பதை மட்டும் கணக்கில் சேர்க்கும். முடிவே தப்பாகிவிடும்.

எப்படி சரிசெய்கிறார்கள்?

திசு இல்லாத வெறும் கண்ணாடியை ஒரு படமும், விளக்கை அணைத்து ஒரு படமும் எடுப்பார்கள். வெறும் கண்ணாடியில் நடுப்பகுதி 210, ஓரம் 160, இருட்டுப் படம் 10 என்றால் கணக்கு இதுதான்:

நடு: (110 - 10) ÷ (210 - 10) = 0.5
ஓரம்: (85 - 10) ÷ (160 - 10) = 0.5

இரண்டும் சமம்!

வெறும் கண்ணாடியைப் படமெடுக்க மறந்துவிட்டால்?

அதற்கும் வழி இருக்கு. திசு துண்டுக்குத் துண்டு மாறும், நிழல் மாறாது. பல துண்டுகளை ஒப்பிட்டாலே நிழலின் வடிவம் பிடிபட்டுவிடும். 2017-ல் வெளியான 'பேசிக்' என்ற இலவச மென்பொருள் இப்படித்தான் செயல்படுகிறது.

கவனிக்க வேண்டியது என்ன?

நிழலை ஒட்டுவதற்கு முன்பே நீக்க வேண்டும். எல்லா துண்டுகளுக்கும் ஒரே திருத்தம்தான். ஒவ்வொரு துண்டையும் கண்ணால் பார்த்து தனித்தனியாக பிரைட்னஸ் கூட்டினால், நிழலோடு சேர்ந்து திசுவில் உள்ள உண்மையான வித்தியாசமும் காணாமல் போய்விடும். எனவே அசல் படங்களை அழிக்காமல் வைத்திருப்பது அவசியம்.