மன்னார்க் கடலுக்கடியில என்னதான் இருக்கு?

"மன்னார்ல எண்ணெய் கொட்டிக் கிடக்கு, இலங்கை இனி குவைத்துதான்"னு நண்பர் ஒருத்தர் அடிச்சுச் சொன்னார். கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன்.

காவிரிப் படுகையும் மன்னார்ப் படுகையும் கோண்டுவானா நிலம் உடைஞ்சப்ப பிறந்த அக்கா தங்கச்சிங்க. அக்காகிட்ட நரிமணத்துல எண்ணெய் கிடைச்சாச்சு. இலங்கைப் பக்கம்? 1970களில் சோவியத் உதவியோட பேசாலையில் துளைச்சாங்க, தேறல. 1981-ல் மன்னார் வளைகுடாவில் பேர்ள்-1, அதுவும் வெறுங்கிணறு. அப்புறம் முப்பது வருஷம் இலங்கைக் கடலை யாரும் துளைக்கல.

2011-ல் கெய்ர்ன் வந்துச்சு. 1,300 மீட்டருக்கும் மேல் தண்ணி இருக்குற இடத்துல டொராடோ கிணறு; எரிவாயு! அடுத்து பராகுடா, அதுலயும் வாயு. பிறகு போட்ட ரெண்டும் காலி. 2015-ல் கெய்ர்ன் மூட்டை கட்டிருச்சு. இன்னைக்கு வரைக்கும் உற்பத்தி இல்லை.

ஏன்? எண்ணெய்னா கப்பல்ல ஏத்தி யாருக்கு வேணாலும் வித்துடலாம். வாயுவுக்குக் கடலடியில குழாய் போடணும், கரையில அதை வாங்க ஆள் வேணும். கிடைக்கிற அளவு அந்தச் செலவைத் தாங்கணும்.

ஒரு கிணறு காலின்னு முப்பது வருஷம் ஒதுக்கி வச்சதும் அவசரம், ரெண்டுல வாயு வந்ததும் குவைத் கனவு காண்றதும் அவசரம். ஒரு டெஸ்ட் கேஸை வச்சு ப்ராடக்டை எடை போடுற கதைதான்! "இருக்கா?"ங்கிறது ஒரு கேள்வி, "எடுத்தா கட்டுபடியாகுமா?"ங்கிறது வேற கேள்வி. முதலாவதுக்குத்தான் மன்னார் பதில் சொல்லியிருக்கு.