நெல் விளைந்த நாட்டில் விலைபோன மக்கள்



தமிழர் கடல் கடந்த கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது நாம் பெரியதொரு தாவல் தாவிவிடுகிறோம். 1025இல் இராசேந்திர சோழனின் கடற்படை கடாரத்துக்கு வந்தது என்கிறோம். அடுத்த மூச்சில், 1819இல் நாராயண பிள்ளை ராஃபிள்சுடன் சிங்கப்பூர் வந்தார் என்கிறோம். பாசிர் ரிஸ்ஸில் நான் கற்பிக்கும் வகுப்பில், "நடுவில் யாருமே வரவில்லையா, டீச்சர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. வந்தார்கள். ஆனால் எல்லாரும் வீரராகவோ வணிகராகவோ வரவில்லை.

பதினேழாம் நூற்றாண்டில் தஞ்சையை நாயக்க மன்னர்கள் ஆண்டனர். அந்நாளில் சோழமண்டலக் கரை உலக வணிகத்தின் முற்றமாக இருந்தது. பழவேற்காட்டில் டச்சுக்காரர், நாகப்பட்டினத்தில் முதலில் போர்த்துக்கீசியர், 1658 முதல் டச்சுக்காரர், தரங்கம்பாடியில் டேனியர். டேனியருக்கு 1620இல் இடமளித்தவர் இரகுநாத நாயக்கர். அவர் பொன்னேட்டில் வரைந்தனுப்பிய மடல் இன்றும் டென்மார்க்கின் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

இத்தனை பேரும் தேடி வந்தது துணியை. மலுக்குத் தீவுகளின் கிராம்பையும் சாதிக்காயையும், சுமத்ராவின் மிளகையும் வாங்க வேண்டுமானால், அங்குள்ளோர் விரும்பும் பண்டம் கையில் இருக்க வேண்டும். அந்தப் பண்டம் நம் நெசவாளர் நெய்த பருத்தித் துணி. ஆகவே கப்பல்கள் பொன்னையும் வெள்ளியையும் இக்கரையில் இறக்கிவிட்டுத் துணியை ஏற்றிச் சென்றன.

அந்தப் பொன் எங்கே போயிற்று? துறைமுகச் சுங்கம் அரசனுக்கும், சுங்கத்தைக் குத்தகைக்கு எடுத்தவருக்கும் போயிற்று. தரகு வணிகர் தம் பங்கை எடுத்துக்கொண்டனர். தறியில் அமர்ந்தவனுக்கு முன்பணம் கிடைத்தது. அதைத் துணியாக நெய்து தீர்ப்பதற்குள் அடுத்த கடன் வந்தது. உழவன் நிலையும் இதுதான். வரி தண்டும் உரிமையே ஏலம் போன காலம் அது. ஏலம் எடுத்தவன் அரசனுக்குக் கட்டிய தொகையையும் தன் இலாபத்தையும் களத்து நெல்லிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

குடிகள் எப்போதும் வாய்மூடி இருந்தார்கள் என்று எண்ண வேண்டா. விஜயநகர ஆட்சியின்போது, 1429இல், காவிரிப் பகுதியின் வலங்கையரும் இடங்கையரும் தம் பழம்பகையை ஒதுக்கிவைத்து ஒன்றுகூடி, முறையற்ற வரிகளைச் செலுத்துவதில்லை என்று முடிவு செய்தனர். அதைக் கல்லிலும் வெட்டினர். கொறுக்கைக் கல்வெட்டு அவற்றுள் ஒன்று. எனக்கு மெய்க்கீர்த்திகளைவிட இந்தக் கல்வெட்டின்மேல் மதிப்பு அதிகம்.

இரு நூறாண்டுகளுக்குப் பிறகு அந்த வலிமை உதவவில்லை. போர் வந்தது. 1645இல் நாயக்கர்கள் பிஜப்பூர் மேலாதிக்கத்தை எதிர்த்துக் கிளர்ந்தனர். பிஜப்பூர்ப் படை தஞ்சை நாட்டைச் சூறையாடியது. விளைச்சல் அழிந்து பஞ்சம் பரவியது. 1646இல் மட்டும் 2,118 பேர் அடிமைகளாகப் பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, அனுப்பப்பட்டனர். மிகப் பெரும்பாலோர் தென்சோழமண்டலத்தார். பிஜப்பூர்ப் படைகள் மீண்டும் வந்த 1659 முதல் 1661 வரையிலான ஆண்டுகளில், நாகப்பட்டினம், பழவேற்காடு முதலிய இடங்களில் டச்சுக் கம்பெனி எட்டாயிரம் முதல் பத்தாயிரம் பேர்வரை விலைக்கு வாங்கியது. (படையெடுத்தவர் இன்ன சமயத்தவர் என்பதை வைத்து இக்கதையைச் சொல்வோர் உண்டு. பின்னர் மதுரை நாயக்கரும் மராட்டியரும் தஞ்சைக்காகப் போரிட்டபோது குடிகள் பட்ட பாடும் இதுவே.)

வாங்கப்பட்டவர்களில் பெரும்பகுதியினர் இலங்கைக்குப் போயினர். 1656இல் கொழும்பைப் பிடித்த டச்சுக்காரருக்கு, நீண்ட போரால் மக்கள் குறைந்துபோன பகுதிகளில் நெல் பயிரிட ஆள் தேவைப்பட்டது. காவிரிக் கரையில் நெல் விளைவித்தும் உண்ண வழியின்றிப் போனவனை, வேறொரு நாட்டில் நெல் விளைவிக்கவே கப்பல் ஏற்றினர். சிறுபகுதியினர் பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும் வந்தனர். மலாக்கா 1641 முதல் டச்சுக்காரர் கையில் இருந்தது.

பஞ்சத்தில் தன்னை விற்பது தஞ்சை நாட்டுக்குப் புதிதன்று. திருப்பாம்புரத்துக் கல்வெட்டு 1201இல் ஒரு வேளாளனும் அவன் மகளிர் இருவரும் 110 காசுக்குக் கோயிலுக்கு அடிமையானதைச் சொல்கிறது. ஆகவே எல்லாப் பழியையும் ஐரோப்பியர்மேல் சுமத்திவிட்டு நாம் கை கழுவ இயலாது. ஆயினும் கோயிலுக்கு விற்றுக்கொண்டவன் தன் மொழி பேசுவோர் நடுவே, தன் ஊர்க் குளத்தைப் பார்த்துக்கொண்டு வாழ்ந்தான். கப்பலேறியவனுக்கு அதுவும் இல்லை. ஊரில் அரிசி விலை ஏற ஏற, துறைமுகத்தில் மனித விலை இறங்கியது. அதே துறைமுகத்தில் துணி மூட்டைகள் வழக்கம்போல் ஏறிக்கொண்டிருந்தன.

அப்போது தஞ்சையில் அரசிருந்தவர் விசயராகவ நாயக்கர். நாள்தோறும் ஆயிரக்கணக்கான அந்தணர்க்கு அன்னமிட்ட பின்னரே தாம் உண்பார் என்று அவரைப் புகழ்கிறது நாயக்கர் வரலாறு கூறும் தெலுங்கு நூல். அந்த அன்னம் பொய்யென்று நான் சொல்ல வரவில்லை. அரண்மனையில் எரிந்த அடுப்பும் நாகப்பட்டினத்துச் சந்தையும் ஒரே நாட்டில், ஒரே காலத்தில் இருந்தன என்பதைத்தான் சொல்கிறேன். அவர் 1673இல் மதுரைப் படையுடன் பொருது மாண்டார். அதைத் தொடர்ந்த வறட்சியிலும் போரிலும் கப்பல்கள் மீண்டும் நிரம்பின. 1673 முதல் 1677 வரை மதுரைக் கரையிலிருந்து மட்டும் 1,839 பேர்.

இதையெல்லாம் சிறு பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டுமா என்று பெற்றோர் சிலர் கேட்கக்கூடும். தொடக்கநிலை ஐந்து, ஆறில் சொல்லலாம் என்பது என் கருத்து. விடுமுறைக்கு மலாக்கா செல்லும் குடும்பங்கள் இங்கு நிறைய. டச்சுக்காரர் கட்டிய சிவப்புக் கட்டடத்தின் முன் நின்று படம் எடுத்த பிறகு, அந்தக் காலத்தில் இத்துறைக்குத் தமிழ்த் துணியோடு தமிழ் மக்களும் சரக்காக வந்து இறங்கினர் என்று ஒரு சொல் சொன்னால் போதும். மீதியைப் பிள்ளைகளே கேட்பார்கள்.

அவர்கள் பெயர் என்ன என்றும் கேட்பார்கள். கம்பெனிக் கணக்குகளில் பெரும்பாலும் எண்ணிக்கைதான் உண்டு. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் வரை கொண்டுசெல்லப்பட்ட சிலருக்கு ஆவணங்களில் பெயர் இருக்கிறது. ஆனால் முன்பாதி உடையவர் இட்ட ஐரோப்பியப் பெயர். பின்பாதி 'சோழமண்டலக் கரையைச் சேர்ந்த', 'பழவேற்காட்டைச் சேர்ந்த' என்று ஊர்ப்பெயர். தாய் தந்தையர் இட்ட பெயர் அவற்றில் இல்லை.