வைக்கோல் தண்ணியும் அச்சிசனின் களிமண்ணும்

போன தலைமுறை வரைக்கும் கிராமத்து வீடுகள்ல ஒரு பழக்கம் இருந்துச்சு. ஆத்துத் தண்ணி கலங்கலா வந்தா, பானைக்குள்ள தேற்றாங்கொட்டையை உரசிவிடுவாங்க. கொஞ்ச நேரத்துல மண்ணெல்லாம் அடியில தங்கிடும், மேல தண்ணி தெளிஞ்சிடும். இன்னைக்குக் கதை இதுக்கு நேர் எதிர். மண்ணைத் தங்கவே விடாம, தண்ணியிலேயே மிதக்க வைக்கிற கதை.

இடம் அமெரிக்கா. ஆள், எட்வர்ட் குட்ரிச் அச்சிசன். எடிசன்கிட்ட வேலை பார்த்தவர். 1891-ல மின் உலையில களிமண்ணையும் கரியையும் சுட்டு கார்பொரண்டத்தைக் கண்டுபிடிச்சவர். இன்னைக்கும் கத்தி தீட்டுற கல்லு பலதுல இருக்கிறது அதுதான்.

1900-களின் தொடக்கத்துல அவருக்கு ஒரு தலைவலி. உலோகம் உருக்குற மூசைகளை கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்து செய்யணும். அமெரிக்கக் களிமண் சரிப்பட்டு வரல. ஜெர்மனியிலிருந்து இறக்குமதி செய்ய வேண்டியிருந்துச்சு. அது ஏன் அவ்வளவு வளைஞ்சு கொடுக்குது? அவர் இப்படி யோசிச்சார்: மலையிலிருந்து ஆத்துல அடிச்சிட்டு வர்ற மண்ணுல வழியெல்லாம் இலை, பட்டைச் சாறு ஊறியிருக்கும். வித்தியாசம் அதுலதானோ?

உடனே களிமண்ணுல டானின் கலந்து பார்த்தார். டீயில, மரப்பட்டையில துவர்ப்பு தர்ற அதே பொருள். மண் நல்லா இளகி வந்துச்சு, காய்ஞ்சதும் முன்னைவிட பலமா இருந்துச்சு.

இதை முன்னாடி யாராவது செஞ்சிருக்காங்களான்னு தேடினப்போ அவருக்குக் கிடைச்சது பைபிள்! யாத்திராகமம் 5-ஆம் அதிகாரம். எகிப்துல அடிமைகளா இருந்த இஸ்ரவேலருக்கு வைக்கோல் கொடுக்கிறதை பார்வோன் நிறுத்திடுறான். செங்கல் கணக்கு மட்டும் குறையக் கூடாதுங்கிறான். வைக்கோல் நாருக்குப் பெருசா பலம் இல்லையே, அப்புறம் எதுக்கு அது? அச்சிசன் ஓட்ஸ் வைக்கோலைக் கொதிக்க வெச்சு, அந்தச் செம்பழுப்புத் தண்ணியை மட்டும் களிமண்ணுல ஊத்தினார். டானின் கலந்தப்போ வந்த அதே பலன்! அதுக்கு அவர் வெச்ச பேரு, ‘எகிப்திய மயமாக்கப்பட்ட களிமண்’.

உள்ள என்ன நடக்குது? சாதாரணமா களிமண் துகள்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கொத்தாகும். கொத்து கனமாகி மூழ்கும். தாவர மூலக்கூறுகள் போய் ஒவ்வொரு துகள் மேலயும் படிஞ்சு, அதுக்கு எதிர்மின்னூட்டம் தருது. ஒரே மின்னூட்டம் இருக்கிறதால துகள்கள் ஒண்ணையொண்ணு தள்ளும். கோந்து, ஜெலட்டின் மாதிரி நீளமான சங்கிலிகளா இருந்தா, அதுவே ஒரு வேலி மாதிரி துகள்களைத் தள்ளி நிறுத்தும். கொத்துக்குள்ள சிக்கியிருந்த தண்ணி வெளிய வர்றதால, கொஞ்சம் தண்ணியிலேயே குழம்பு இளகிடும். தண்ணி குறைஞ்சா காயும்போது சுருக்கமும் விரிசலும் குறையும்.

ஆனா அளவு முக்கியம். நீளமான சங்கிலி ரொம்பக் குறைவா இருந்தா, ஒரே சங்கிலி ரெண்டு மூணு துகளைச் சேர்த்துக் கட்டிடும். நம்ம தேற்றாங்கொட்டை செய்யறது கிட்டத்தட்ட இதுதான்.

அச்சிசன் இதே வித்தையை கிராஃபைட்லயும் போட்டார். அப்படிப் பிறந்ததுதான் ‘அக்வாடாக்’. வீட்டுல பழைய குண்டு டிவி இருந்திருந்தா, அதோட பிக்சர் டியூப் கண்ணாடியில பூசியிருந்த கறுப்புப் பூச்சு இந்த வகைதான்.

இங்க ஒரு விஷயம் சொல்லணும். அச்சிசன் பாதிதான் சரி. வைக்கோல் நாருக்கும் வேலை இருக்கு. செங்கல் காயும்போது விரிசல் பரவாம அதுதான் பிடிச்சு நிறுத்துது. வெறும் சாறுக்காக மட்டும் எகிப்துல வைக்கோல் போட்டாங்கன்னு சொல்ல முடியாது.

ஆனாலும் அவர் வெச்ச பேரு யோசிக்க வைக்குது. காப்புரிமை அச்சிசனுக்கு. பெருமை எகிப்துக்கு. அந்தக் கதையில சேத்துல கை வெச்சு வைக்கோல் பொறுக்கினவங்களோட பேரு மட்டும் எங்கயும் இல்ல. மண்ணோட குணம் முதல்ல தெரியறது அதை மிதிக்கிறவங்களுக்குத்தான். எழுதி வைக்கிற வாய்ப்பு அவங்களுக்குக் கிடைக்கல, அவ்வளவுதான்.

அடுத்த தடவை டீ டிகாஷன் மிஞ்சினா, கொஞ்சம் களிமண்ணுல கலந்து பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!